ரப்பர் பால் ஆலையில் காற்றை அளப்பது எப்படி: அமோனியா முதல் கழிவுக்குளம் வரை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய், கூலிம் வட்டாரத்து ரப்பர் பால் ஆலை ஒன்றில் முதல்முறையாகக் கால் வைப்பவருக்குக் கண் எரியும், தொண்டை கமறும். அங்கேயே பல வருடம் வேலை பார்த்தவரைக் கேட்டால், "வாடையா? இன்னைக்கு ஒண்ணும் பெரிசா இல்லையே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. நாள் முழுக்க அமோனியாவை முகரும் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாக அதை உணர்வதை விட்டுவிடும். கண்ணும் தொண்டையும் நுரையீரலும் மட்டும் தொடர்ந்து பாதிக்கப்படும். அதனால்தான் மூக்கை நம்பாமல் கருவியை நம்ப வேண்டியிருக்கிறது.

சட்டப்படி செல்லுபடியாகும் அளவீட்டை ஜேகேகேபி எனப்படும் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையில் பதிவு பெற்ற தொழில்நுட்பர்தான் செய்ய வேண்டும். எந்த இரசாயனத்தை, எந்தத் தொழிலாளர் குழுவுக்கு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளப்பது என்பதை அதற்கு முன் நடக்கும் இரசாயன ஆபத்து மதிப்பீடு தீர்மானிக்கும். ஆனால் வெளியிலிருந்து ஒரு நாள் வருபவருக்கு உங்கள் ஆலையின் நடப்பு தெரியாது. எந்த வேலை மோசமானது, எந்த நேரத்தில் காற்று கனக்கிறது, யார் தொட்டிக்குள் குனிகிறார் என்பதெல்லாம் மண்டோர் எனப்படும் கங்காணிக்கும் ஷிப்ட் மேற்பார்வையாளருக்கும் பாதுகாப்புக் குழு உறுப்பினருக்கும்தான் தெரியும். இந்த வழிகாட்டி அவர்களுக்காக.

வாயு எங்கே பிறக்கிறது

விடியற்காலையில் வெட்டிய பால் நண்பகல் வாக்கில் தோட்டத்து ஸ்டோருக்கு வரும். கெட்டுப்போகாமல் இருக்க அங்கேயே அமோனியா சேர்ப்பார்கள். டேங்கர் லாரி ஆலைக்கு வந்து மேல்மூடியைத் திறக்கும் நேரம்தான் முதல் உச்சம். மூடியின் மேல் குனிந்து மாதிரி எடுப்பவரின் முகத்தில் அது நேராக அடிக்கும். அடுத்து சேமிப்புத் தொட்டி. உயர் அமோனியா வகைச் செறிவுப் பாலில் 0.6 விழுக்காட்டுக்குக் குறையாமல் அமோனியா இருக்க வேண்டும் என்பதால், இங்கே உருளையிலிருந்து மேலும் வாயுவைச் செலுத்துவார்கள்.

பிறகு பாலைச் சுழற்றிச் செறிவாக்கும் சென்ட்ரிஃபியூஜ். ஓடும்போது அது ஓரளவு மூடியிருக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, அதன் சுழல் கிண்ணமான பவுலைத் திறந்து, தட்டுகளைக் கழற்றி, சகதியைக் கழுவும் வேலைதான் ஆபத்தானது. ஷிப்டின் சராசரிக் கணக்கில் இந்த உச்சங்கள் கரைந்து காணாமல் போகும். ஆகவே இவற்றைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

செறிவுப் பால் போக மிஞ்சிப் பிரிந்து வரும் ஸ்கிம் பாலிலிருந்து அமோனியாவை வெளியேற்ற அதைக் கோபுரத்தில் கொட்டிக் காற்றடிப்பார்கள். அந்த வாயு எங்கே போகிறது என்று ஒருமுறை நின்று பாருங்கள். காற்று திசை மாறும் நாளில் அது பக்கத்துக் கொட்டகைக்குள்ளேயே திரும்பி வரும். கடைசியில் ஸ்கிம் பாலைப் பெரும்பாலும் கந்தக அமிலம் ஊற்றி உறைய வைப்பார்கள். அந்தக் கழிவுநீரில் சல்பேட் நிறைந்திருக்கும். காற்றில்லாத குளத்தின் அடியில் உள்ள நுண்ணுயிர்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். ஆலைக்குள் அமோனியா வாடையென்றால் குளத்தங்கரையில் அழுகிய முட்டை வாடை வருவது இதனால்தான். இவை இரண்டும் ஒரே பாலிலிருந்து பிறந்தாலும் குணத்தில் முற்றிலும் வேறானவை.

ரப்பர் தாள் போடும் இடங்களில் பாலை உறைய வைப்பது பார்மிக் அமிலம். அதன் ஆவி கண்ணையும் பல்லையும் அரிக்கும்.

எத்தனைக்கு மேல் கூடாது

2000ஆம் ஆண்டின் அபாய இரசாயன ஒழுங்குமுறையின்படி 8 மணி நேரச் சராசரி எல்லை இது: அமோனியா 25 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு), ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம், பார்மிக் அமிலம் 5 பிபிஎம். இதோடு இன்னொரு கோடும் உண்டு. எந்த 15 நிமிடத்தின் சராசரியும் அந்த எண்ணின் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. அமோனியாவுக்கு அது 75 பிபிஎம்.

எல்லைக்கு மிக அருகில் நிற்பதைப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். ஒருநாள் 20 காட்டிய வேலை இன்னொரு நாள் 30 காட்டும். எல்லையின் பாதியை, அமோனியாவுக்கு 12.5-ஐத் தாண்டியவுடனேயே காரணத்தைத் தேடத் தொடங்குவது நல்ல வழக்கம். அமோனியா 300 பிபிஎம் என்பது உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு. அங்கே அளந்துகொண்டு நிற்காமல் வெளியேற வேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இதுதான். மழை பெய்தால் மரம் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் மறுநாள் ஆலைக்குப் பால் இல்லை. பாதி இயந்திரம் நிற்கும் அந்த நாளில் தொழில்நுட்பர் வந்து அளந்தால், அழகான எண் கிடைக்கும், அது யாருக்கும் உதவாது. வட மாநிலங்களில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மரம் இலை உதிர்க்கும் காலத்திலும் பால் வரத்து குறையும். அப்போது அளந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆண்டு முழுக்கப் பத்திரம் என்று சொல்ல முடியாது.

டேங்கர்கள் வரிசையில் நிற்கும், எல்லாச் சென்ட்ரிஃபியூஜும் ஓடும் நாளைக் கேளுங்கள். அன்றைக்கு எத்தனை டன் பால் இறங்கியது, எத்தனை இயந்திரம் ஓடியது, எத்தனை முறை பவுல் கழுவப்பட்டது, கதவுகள் திறந்திருந்தனவா என்பதை அறிக்கையிலேயே எழுதச் சொல்லுங்கள். அளக்க வருகிறார்கள் என்பதற்காக அன்று மட்டும் மின்விசிறி கூடுதலாக வைக்கக் கூடாது.

ஆளின் மேல் பம்பு

சுவரில் மாட்டிய கருவி சுவரின் காற்றைத்தான் சொல்லும். அமோனியா காற்றை விட இலேசானது, கூரைக்கு ஏறும். திரவ அமோனியா கசிந்தால் குளிர்ந்த மூட்டமாகத் தரையோடு படரும். இடத்துக்கு இடம் இவ்வளவு மாறுவதால் மூக்கு, வாயிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள், அதாவது சட்டைக் காலரில்தான், ஆள் மேல் மாட்டிய சிறு பம்பு காற்றை இழுக்கும் மாதிரிக் குழாய் இருக்க வேண்டும். முகமூடி போட்டிருந்தாலும் குழாய் அதற்கு வெளியேதான். மோசமான வேலையைச் செய்பவரைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடி அறையில் பொத்தான் அழுத்துபவரின் மேல் பம்பை மாட்டி, அந்த எண்ணைப் பவுல் கழுவுபவரின் கணக்கில் எழுதுவது பெரிய அநியாயம்.

அமோனியாவுக்குக் கந்தக அமிலம் ஏற்றிய சிலிக்கா ஜெல் குழாயைப் பயன்படுத்துவார்கள். முன்னால் ஒரு வடிகட்டி இருக்கும். பம்பின் ஓட்டம் நிமிடத்துக்கு 0.1 முதல் 0.5 லிட்டர். முழு ஷிப்டுக்கு 0.2 போதும்: 480 நிமிடத்துக்கு 96 லிட்டர் வரும். அதற்கு மேல் இழுத்தால் குழாய் நிரம்பிப் பின்பகுதிக்கு வழியும் ஆபத்து உண்டு.

வேலை இப்படி நடக்க வேண்டும்:

1. பம்பை முழுதாக மின்னேற்றி, சில நிமிடம் ஓடவிட்ட பிறகு ஓட்டத்தை அளவிடுங்கள். அளவிடும்போது அதே வகைக் குழாய் ஒன்று இணைப்பில் இருக்க வேண்டும். குழாயின்றி அளவிட்டால், பிறகு குழாயை மாட்டும்போது தடை கூடி ஓட்டம் இறங்கிவிடும்.
2. குழாயின் இரு முனையையும் உடைத்து, அம்புக்குறி பம்பைப் பார்க்கும்படி மாட்டுங்கள். குழாய் நேராக நிற்கட்டும். படுக்கவைத்தால் துகள் ஒதுங்கி, காற்று ஒரு பக்கமாக நழுவும்.
3. ரப்பர் குழலை முதுகுப்பக்கமாகக் கொண்டுவந்து சட்டையோடு ஊக்குப் போடுங்கள். சுழலும் இயந்திரத்தருகே தொங்கும் குழல் ஆளையே இழுத்துவிடும்.
4. தொடக்க நேரத்தை எழுதுங்கள். மணிக்கொரு முறை போய்ப் பம்பு ஓடுகிறதா, குழல் மடிந்திருக்கிறதா, குழாய் வாயில் பாலோ தண்ணீரோ தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்த குழாயைக் கழித்துவிட்டுப் புதியது மாட்டுவதுதான் நேர்மை. அமோனியாத் தண்ணீரில் ஊறிய காலருக்குப் பக்கத்தில் இருந்தால் எண் பொய்யாக ஏறும், அப்போது சட்டையை மாற்றுங்கள்.
5. அன்று அவர் செய்த வேலைகளை நேரத்தோடு குறியுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் எண்ணுக்குப் பொருளே கிடையாது.
6. முடிந்ததும் இரு முனையையும் மூடி, ஓட்டத்தை மறுபடி அளவிடுங்கள். முன்னும் பின்னும் 5 விழுக்காட்டுக்கு மேல் மாறியிருந்தால் அந்த மாதிரியை நம்ப வேண்டாம்.
7. குறைந்தது இரண்டு வெற்றுக் குழாய்களை அதே இடத்தில் உடைத்து, காற்றை இழுக்காமல் மூடி, கூடவே அனுப்புங்கள். வழியில் எதுவும் கலந்திருந்தால் அவை காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும் அமோனியாப் புட்டி இருக்கும் ஆலை ஆய்வறையில் வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதீர்கள்.

பவுல் கழுவும் 15 நிமிடத்துக்குத் தனிக் குழாய். அது முடிந்ததும் கழற்றி மூடிவிட வேண்டும்.

எண்ணைப் படிப்பது

மாதிரிகள் மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டமான சாம் சான்று பெற்ற ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஆய்வகம் மில்லிகிராமில் சொல்லும். பம்பு 0.200-இல் தொடங்கி 0.192-இல் முடிந்தது என்று வையுங்கள். சராசரி 0.196, 480 நிமிடத்துக்கு 94 லிட்டர், அதாவது 0.094 கன மீட்டர். ஆய்வகம் 1.20 மில்லிகிராம் அமோனியா என்றால் 1.20 ÷ 0.094, ஏறத்தாழ 12.8 மில்லிகிராம் கன மீட்டருக்கு. அதை 24.45-ஆல் (25 டிகிரி செல்சியஸில் ஒரு மோல் வாயு பிடிக்கும் லிட்டர்) பெருக்கி, அமோனியாவின் மூலக்கூறு எடை 17-ஆல் வகுத்தால் சுமார் 18 பிபிஎம். குழாயின் பின்பகுதியில் கிடைத்தது முன்பகுதியில் கிடைத்ததில் 10 விழுக்காட்டைத் தாண்டியதா என்றும் கேளுங்கள். தாண்டியிருந்தால் வாயு வழிந்தோடியிருக்கிறது, உண்மை அளவு இதைவிடக் கூட.

பல குழாய்களாக எடுத்திருந்தால் ஒவ்வொன்றின் பிபிஎம்மையும் அதன் நேரத்தால் பெருக்கிக் கூட்டி 8-ஆல் வகுக்க வேண்டும். 6 மணி நேரம் 15, பவுல் கழுவிய 1 மணி நேரம் 60, கோபுரத்தடியில் 1 மணி நேரம் 40: கூட்டினால் 190, வகுத்தால் 23.75. எல்லைக்கு ஒரு முடியிழை கீழே. அந்த 60-க்குள் ஒரு கால் மணி நேரம் 75-ஐத் தாண்டியிருந்தால் விதிமீறல் அங்கேயே நடந்திருக்கிறது.

நம் பக்கத்து ஆலைகளில் 12 மணி நேர ஷிப்ட் சாதாரணம். அப்போதும் வகுப்பது 8-ஆல்தான். 20 பிபிஎம்மில் 12 மணி நேரம் நின்றவரின் கணக்கு 240 ÷ 8 = 30. காகிதத்தில் 20 என்று மட்டும் எழுதியிருந்தால், எத்தனை மணி நேரம் என்று கேட்டே ஆக வேண்டும்.

இடைப்பட்ட நாட்களில்

தொழில்நுட்பர் வராத மாதங்களில் நிறம் மாறும் கண்ணாடிக் குழாயும் கைப்பம்பும் போதும். முதலில் உடைக்காத குழாயைச் சொருகிப் பம்பை அழுத்திப் பாருங்கள். அழுத்தியது அப்படியே நின்றால் கசிவில்லை. பிறகு இரு முனையையும் உடைத்து, ஒவ்வோர் இழுப்பும் முழுதாக முடியும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டால் குறைவாகக் காட்டும். ஓர் இழுப்பு 100 மில்லிலிட்டர், எத்தனை இழுப்பு என்பது பெட்டியின் தாளில் இருக்கும். காலாவதித் தேதியையும் பாருங்கள். இந்தக் குழாய்களில் 25 விழுக்காடு வரை முன்பின் இருக்கலாம். 20 காட்டினால் அதை 25 என்று வைத்தே முடிவெடுங்கள். கட்டிப்பால் அழுகும் இடத்தில் எழும் அமைன் வாயுக்களும் அமோனியாக் குழாயின் நிறத்தை மாற்றும் என்பதை மறக்க வேண்டாம்.

உருளை, வால்வு, குழாய் இணைப்பு ஆகியவற்றில் கசிவைக் கண்டுபிடிக்க நனைத்த சிவப்பு லிட்மஸ் தாளைக் காட்டினால் போதும், கசிகிற இடத்தில் நீலமாகும். மலிவான பொருள். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு கட்டு இருக்க வேண்டும்.

மின்னணுக் கருவி வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. பெயிண்ட், தின்னர் ஆவிகளுக்குப் பயன்படும் ஒளி அயனாக்கக் கருவியை எல்லா வாயுவுக்கும் பொருந்தும் என்று விற்பார்கள். அதன் வழக்கமான விளக்கு 10.6 எலெக்ட்ரான் வோல்ட். பார்மிக் அமிலத்தை அயனாக்க 11.3-க்கு மேல் வேண்டும். ஆகவே ஆவி நிறைந்த அறையிலும் அது பூச்சியம் காட்டும். அமோனியாவுக்கு மிக மந்தமாகவே அசையும். ஈரப்பதம் கூடினால் இன்னும் மங்கும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. அமோனியாவுக்கு அமோனியாவுக்கென்றே செய்த மின்வேதி உணரியை வாங்குங்கள். அதுவும் தேயும் பொருள், தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்றியாக வேண்டும்.

குளம், குழி, தொட்டி

இங்கே அளப்பது சராசரிக்காக அல்ல, உயிரோடு திரும்புவதற்காக. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றை விடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். 100 பிபிஎம் அளவில் மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். வாடை நின்றுவிட்டதே என்று இறங்குகிறவர் அதிக வாயுவுக்குள்தான் இறங்குகிறார். சில நூறு பிபிஎம்மில் மயக்கம் வரும், 1,000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் விழுவார். விழுந்தவரைத் தூக்கக் குதித்தவரும் விழுவது திரும்பத் திரும்ப நடக்கிறது.

செம்பனை ஆலைகளின் கழிவுக்குளங்களிலும் இதே வாயு உண்டு, மீத்தேனோடு சேர்ந்து. இரண்டு வகை ஆலைகளிலும் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு ஆகிய நான்கையும் காட்டும் கருவி வேண்டும். தினமும் காலையில் அளவு தெரிந்த வாயுவைக் காட்டி அலறுகிறதா என்று சோதிக்க வேண்டும். திரையில் எண் தெரிவதால் மட்டும் உணரி வேலை செய்வதாகச் சொல்ல முடியாது. சிலிகோன் தெளிப்பான்கள் எரியும் வாயு உணரியைச் சத்தமில்லாமல் முடக்கிவிடும். ஆக்சிஜன் குறைந்த இடத்திலும் அந்த உணரி குறைத்தே காட்டும். அதனால் முதலில் படிக்க வேண்டியது ஆக்சிஜன்.

தொட்டிக்குள் இறங்குமுன் வெளியிலிருந்தே குழல் விட்டு மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். குழலின் நீளம் முழுவதையும் காற்று கடந்து வரும்வரை காத்திருந்து, அதற்கு மேலும் இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்கும் 23.5 விழுக்காட்டுக்கும் இடையில், எரியும் வாயு அது தீப்பற்றக்கூடிய குறைந்தபட்ச அளவில் 10 விழுக்காட்டுக்குக் கீழே, ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்முக்குக் கீழே இருக்க வேண்டும். இதை அளக்க அங்கீகாரம் பெற்ற வாயுச் சோதனையாளரும், வெளியே நின்று கவனிக்கும் ஆளும், எழுத்தில் அனுமதித் தாளும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. பால் தொட்டியானால் இந்த நான்கோடு அமோனியாவையும் அளக்க வேண்டும், நான்கு வாயுக் கருவி அதைக் காட்டாது.

சும்மா கிடக்கும் சகதி நல்ல பிள்ளையாக இருக்கும், கிளறினால்தான் அடைபட்ட வாயு கொப்பளிக்கும். இறங்கும் முன் பூச்சியம் காட்டிய குழி, மண்வெட்டி பட்டதும் நூறைத் தாண்டலாம். ஆகவே வேலை முடியும்வரை கருவி நெஞ்சில் மாட்டியிருக்க வேண்டும், சட்டைப் பைக்குள் அல்ல. அலறினால் அணைக்காமல் ஏறி வர வேண்டும்.

எண் வந்த பிறகு

மீறியிருந்தால் முகமூடியில் தொடங்காதீர்கள். பவுல் கழுவும் இடத்தில் உறிஞ்சுவிசிறி, டேங்கர் மூடியைத் திறக்காமல் மாதிரி எடுக்கும் வால்வு, தொட்டிக்கு மூடி, கோபுரப் புகைபோக்கியின் உயரம் என்று மூலத்திலேயே கை வைக்க வேண்டும். உறிஞ்சுவிசிறி இருந்தால் மாதம் ஒருமுறை பார்வையிடவும், 12 மாதத்துக்கு ஒருமுறை பதிவு பெற்ற தொழில்நுட்பரைக் கொண்டு சோதிக்கவும் சட்டம் சொல்கிறது. மாற்றம் செய்த பிறகு மறுபடி அளந்தால்தான் அது வேலை செய்ததா என்று தெரியும்.

அதுவரை முகமூடி என்றால் அமோனியாவுக்கு உரிய பச்சைப் பட்டைக் குப்பி மாட்டியதுதான். தூசிக்கான வெள்ளை முகமூடி வாயுவை ஒரு துளியும் தடுக்காது. தாடி முளைத்த முகத்தில் எந்த முகமூடியும் ஒட்டி நிற்காது.

முடிவுகளைத் தமிழிலும் மலாயிலும், வங்காள, நேப்பாளத் தொழிலாளர் இருந்தால் அவர்கள் மொழியிலும், பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்: வேலையின் பெயர், தேதி, அளந்த எண், எல்லை எண், செய்யப்போகும் மாற்றம், அதற்கான நாள். 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும், அதன் கூட்டக் குறிப்பிலும் இது ஏற வேண்டும். உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்கவில்லையென்றால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத் திருத்தத்தில் இருக்கிறது.

அளவீட்டுப் பதிவை 30 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இன்று 25 வயதில் பவுல் கழுவும் ஒருவருக்கு 55 வயதில் மூச்சு இரைத்தால், சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு மனுப் போடும்போது கையில் இருக்க வேண்டிய தாள் அது. ஆலை கைமாறலாம், மூடப்படலாம். ஆகவே அவருடைய பெயர், வேலை, நாள், எண் உள்ள பக்கத்தின் நகலை அவரிடமே கொடுத்து, வீட்டில் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.